காரைக்குடி 2021: அதே வாக்குகளை வேறு முறையில் எண்ணினால்

2021 மே 2 அன்று நடந்த வாக்கு எண்ணிக்கையில் காரைக்குடி சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் மாங்குடி 75,954 வாக்குகள் பெற்று வென்றார். பாஜகவின் எச்.ராஜாவுக்கு 54,365, அமமுகவின் தேர்போகி பாண்டிக்கு 44,864, நாம் தமிழர் கட்சிக்கு 23,872, மக்கள் நீதி மய்யத்துக்கு 8,351. மீதி ஐயாயிரத்துச் சொச்சம் உதிரி வேட்பாளர்களுக்கும் நோட்டாவுக்கும் போனது. வெற்றி வித்தியாசம் 21,589.

வித்தியாசத்தைப் பார்த்தால் சுலபமான வெற்றி. சதவீதத்தைப் பார்த்தால் கதை வேறு. பதிவான சுமார் 2,12,000 வாக்குகளில் வென்றவர் பெற்றது 36 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 64 பேர் வேறு யாரையோ விரும்பினார்கள். இது மாங்குடியின் குறையும் இல்லை, காங்கிரஸின் குறையும் இல்லை. நம் சட்டம் கேட்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவரைவிட ஒரு வாக்கு அதிகம், அவ்வளவுதான். அதை அவர் இருபதாயிரத்துக்கு மேல் தாண்டிக் காட்டினார்.

வாக்கு முறைகளை ஒப்பிட்டுப் பேச இந்தத் தொகுதி நல்ல உதாரணம். மூன்று வேட்பாளர்கள் 20 சதவீதத்தைத் தாண்டினார்கள், நான்காமவர் 11 சதவீதத்தைத் தாண்டினார். இருவர் மட்டும் மோதும் தொகுதியில் எந்த முறையில் எண்ணினாலும் ஒரே ஆள்தான் ஜெயிப்பார். பக்கத்துத் திருமயத்தில் அதே தேர்தலில் திமுகவின் ரகுபதி 1,382 வாக்கில் வென்றார். 2009 மக்களவைத் தேர்தலில் சிவகங்கையில் ப.சிதம்பரம் 3,354 வாக்கில் வென்றார். இரண்டிலும் முக்கியப் போட்டி இருவருக்கு இடையேதான். வித்தியாசம் குறைவு என்பதால் அங்கே சண்டை எண்ணிக்கையைப் பற்றியதாக இருக்கும். முறையைப் பற்றிய சண்டைக்குக் காரைக்குடிதான் இடம்.

கூட்டிப் பார்க்கும் தவறு

முடிவு வந்த நாளிலிருந்து தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் சொல்லப்படுகிற கணக்கு ஒன்று உண்டு. அமமுக 2018இல் அதிமுகவிலிருந்து பிரிந்து வந்த கட்சி. பாஜக அந்தத் தேர்தலில் அதிமுக கூட்டணியில் நின்றது. ஆகவே 54,365ஐயும் 44,864ஐயும் கூட்டு, 99,229 வருகிறது, அது 75,954ஐவிட அதிகம், வாக்குப் பிரிந்ததால்தான் தோல்வி என்பார்கள். எதிர்த்தரப்பிலும் இதே கணக்கு உண்டு. நாம் தமிழரும் மய்யமும் நிற்காவிட்டால் எங்கள் வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும் என்பார்கள்.

இரண்டு பக்கமும் செய்வது ஒரே தவறு. ஒரு வேட்பாளர் விலகினால் அவருடைய வாக்குகள் அப்படியே இன்னொருவர் பெட்டிக்குப் போகாது. ஒரு பங்கு எதிர்பார்த்த இடத்துக்குப் போகும், ஒரு பங்கு எதிர்முகாமுக்குப் போகும், ஒரு பங்கு வீட்டிலேயே இருந்துவிடும். அமமுகவுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் அதிமுக தலைமை மீதிருந்த கோபத்தால் போட்டார்கள், எத்தனை பேர் வேட்பாளருக்காகப் போட்டார்கள் என்பது மின்னணு இயந்திரத்தில் பதிவாகாது. அதில் பதிவாவது ஒரு பொத்தான், ஒரு பெயர். வாக்காளரின் அடுத்த விருப்பத்தைக் கேட்காத முறையில் நின்றுகொண்டு அடுத்த விருப்பத்தைப் பற்றி வாதாடுகிறோம். இந்தப் பேச்சு ஒரு முடிவுக்கும் வராமல் சுற்றுவதற்கு அதுதான் காரணம்.

இரண்டு சுற்று முறை

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மட்டும் மறுபடி தேர்தல். பிரான்ஸ் தன் அதிபரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. இந்தியாவிலும் அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் 2002இல், பாதிக்கு மேல் பெறுவதைக் கட்டாயமாக்கும் இந்த யோசனையைக் கவனமாகப் பரிசீலிக்கச் சொன்னது.

காரைக்குடியில் இது நடந்திருந்தால் மாங்குடிக்கும் ராஜாவுக்கும் இரண்டாம் சுற்று. மற்றவர்களிடமிருந்த 82,000 வாக்குகளில் 21,589க்கு மேல் கூடுதலாக ராஜா பக்கம் சாய்ந்தால் முடிவு மாறும். வாக்காளருக்குப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. இன்றைய இயந்திரமே போதும். குறை செலவிலும் காலத்திலும் இருக்கிறது. 2021இல் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை, நடுவே 26 நாள் இடைவெளி. அதன் பிறகு இன்னொரு பிரசாரம், மறுபடி வாக்குச்சாவடிப் பணியாளர்கள், மறுபடி துணை ராணுவம், மறுபடி நடத்தை விதிகள். பணப் பட்டுவாடா பற்றிய புகார் இல்லாத தேர்தலே அரிதாகிவிட்ட மாநிலத்தில், இரண்டே பேர் மோதும் ஒரு கூடுதல் சுற்று என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்நாட்டுக்கு இது பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

விருப்ப வரிசை முறை

ஒரே நாளில் ஒரே சீட்டில் 1, 2, 3 என்று வரிசை கேட்பது அடுத்த முறை. முதல் விருப்பத்தில் பாதியைத் தாண்டியவர் இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்த விருப்பம் யாரோ அவரிடம் சேர்க்க வேண்டும். ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

காரைக்குடி எண்களை இதில் போட்டுப் பார்க்கலாம். உதிரி வேட்பாளர்களை ஒதுக்கிவிடுவோம். முதலில் மய்யம் நீங்கும், பிறகு நாம் தமிழர். இரண்டும் சேர்ந்து 32,223 சீட்டுகள். இவை எப்படிப் பிரியும் என்பதற்கு இரண்டு கற்பனைக் கணக்குகள் போடுவோம்.

முதல் கணக்கில் 40 சதவீதம் காங்கிரஸுக்கு, பாஜகவுக்கும் அமமுகவுக்கும் தலா 15 சதவீதம், மீதி 30 சதவீதம் சீட்டுகளில் அடுத்த விருப்பமே இல்லை. இப்போது மாங்குடி 88,843, ராஜா 59,198, பாண்டி 49,697. பாண்டி நீங்குகிறார். அவர் சீட்டுகளில் ஐந்தில் ஒன்று அடுத்த விருப்பம் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது என்று வைத்தால் 39,758 சீட்டுகள் கைமாறும். ராஜா ஒரே வாக்கில் வெல்லக்கூட அவற்றில் 34,702 அவருக்கு வர வேண்டும். அதாவது வரிசை எழுதிய அமமுக வாக்காளர்களில் நூற்றுக்கு 87 பேர். பிரிந்துபோன கட்சியின் வாக்காளர்கள் அவ்வளவு ஒற்றுமையாகத் திரும்பி வருவது அபூர்வம். மாங்குடிதான் வெல்வார். 99,229 என்ற கூட்டல் எவ்வளவு பலவீனமானது என்பது இங்கே தெரிகிறது.

இரண்டாம் கணக்கில் அதே 32,223இல் 40 சதவீதம் அமமுகவுக்கு, 30 சதவீதம் காங்கிரஸுக்கு, 10 சதவீதம் பாஜகவுக்கு, 20 சதவீதம் வெறுமை. மாங்குடி 85,621, பாண்டி 57,753, ராஜா 57,587. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே வெறும் 166 வாக்கு. இம்முறை நீங்குவது ராஜா. அவர் சீட்டுகளில் 15 சதவீதம் வெறுமை என்றால் 48,949 கைமாறும். அதில் பாண்டிக்கு 38,409 வந்தால், அதாவது நூற்றுக்கு 78 அல்லது 79 பேர் அவரை அடுத்ததாக எழுதியிருந்தால், முதல் விருப்பத்தில் மூன்றாவதாக வந்தவர் சட்டமன்றம் போகிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவைத் தீர்மானிப்பது முதலிடக்காரரைவிட, இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் நிற்பவர்களுக்கு இடையே உள்ள 9,501 வாக்கு இடைவெளிதான். யார் முதலில் நீங்குகிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. விருப்ப வரிசையின் உண்மையான பலவீனமும் இதுவே. எல்லாத் தரப்பும் இரண்டாவதாக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒருவர், முதல் விருப்பம் குறைவு என்பதால் நடுவிலேயே நீங்கிவிடலாம். ஒற்றைக்கு ஒற்றை நின்றால் எல்லோரையும் வெல்லக்கூடியவர் அவர்தான் என்றாலும், அந்த மோதல் நடக்கும் சுற்றுக்கே அவர் வந்துசேர மாட்டார். இந்த முறையை ஆதரிப்பவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இது புதிதும் இல்லை. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெற்றிக்குத் தேவையான வாக்கு மதிப்பு 4,18,169. முதல் விருப்பத்தில் வி.வி.கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. யாரும் தாண்டவில்லை. மற்றவர்களை நீக்கி அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கைமாறிய வாக்குகளில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போயும் கிரியின் முன்னிலை தப்பித்தது. மாநிலங்களவைத் தேர்தலில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இன்றும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 எழுதித்தான் வாக்களிக்கிறார்கள். தமிழக மேலவை 1986இல் கலைக்கப்படும் வரை பட்டதாரி, ஆசிரியர் தொகுதிகளில் வாக்காளர்களும் அப்படித்தான் எழுதினார்கள். செட்டிநாட்டுக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய சீட்டு.

எழுதாத இரண்டாம் விருப்பம்

மேலே இரண்டு கணக்கிலும் 15 முதல் 30 சதவீதம் வரை வெறுமைச் சீட்டு என்று வைத்தோம். அது தாராளமான ஊகம். நிஜம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதற்குச் சான்று பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இலங்கை 1982 முதல் ஜனாதிபதியை மூன்று விருப்பங்கள் எழுதும் சீட்டால் தேர்ந்தெடுக்கிறது. நாற்பது ஆண்டுகளாக முதல் எண்ணிக்கையிலேயே யாராவது பாதியைத் தாண்டிவிட்டதால் இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் முதல்முறையாக வந்தது. அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்ற எல்லோரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டு அவர்களுடைய 33 லட்சத்துச் சொச்சம் சீட்டுகளைப் புரட்டினார்கள். அநுரவுக்குக் கூடுதலாக 1,05,264, சஜித்துக்கு 1,67,867. இரண்டும் சேர்த்து 2,73,131. நீக்கப்பட்ட சீட்டுகளில் நூற்றுக்கு எட்டுதான் கைமாறின. இறுதியில் வென்றவரின் பங்கு செல்லுபடியான வாக்குகளில் 43 சதவீதம். பாதியைத் தாண்டவே இல்லை.

எழுத்தறிவு மிகுந்த நாடு, நாற்பதாண்டுப் பழக்கம் உள்ள சீட்டு, இருந்தும் பெரும்பாலோர் ஒரே ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்சிகள் தங்கள் ஆதரவாளர்களிடம் ஒரு பெயரை மட்டும் குறிக்கச் சொல்லியே பழக்கியிருந்தன. தமிழ்நாட்டிலும் முதல் தேர்தலில் இதுவே நடக்கும். "நமக்கு மட்டும் போடு, வேற யாருக்கும் எழுதாதே" என்று பூத் ஏஜென்டுகள் சொல்லிக்கொடுப்பார்கள். அப்போது விருப்ப வரிசை பெயருக்கு இருக்கும், பலன் பழைய முறையினுடையதாக இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் கீழவையில் எல்லா வேட்பாளருக்கும் எண் போடுவது கட்டாயம், கடைசி ஒன்றைத் தவிர வேறு எதை விட்டாலும் சீட்டு செல்லாது. நமக்கு அது ஆகாது. பதினைந்து இருபது பேர் நிற்கும் தொகுதியில் செல்லாத வாக்கு குவிந்துவிடும். மூன்று விருப்பம் வரை எழுதலாம், ஒன்று எழுதினாலும் செல்லும் என்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். கூடவே அடுத்த விருப்பம் எழுதுவது தன் முதல் ஆளுக்குக் கெடுதல் செய்யாது என்பதை வாக்காளருக்குப் புரியவைக்க வேண்டும். முதல் ஆள் நீங்கிய பிறகே இரண்டாம் எண்ணைப் பார்ப்பார்கள். இந்த ஒரு வாக்கியம் எல்லா ஊரிலும் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

இது தீர்க்காத பிரச்சினை

2014 மக்களவைத் தேர்தலில் சிவகங்கையில் நான்குமுனைப் போட்டி. அதிமுகவின் செந்தில்நாதன் 4,75,993 வாங்கி 2,29,385 வித்தியாசத்தில் வென்றார். அங்கே எந்த முறையில் எண்ணியிருந்தாலும் அவர்தான். ஆனால் மாநிலம் முழுக்கப் பார்த்தால் அதிமுக 44 சதவீதத்துக்குச் சற்று மேலான வாக்கில் 39இல் 37 இடங்களைப் பிடித்தது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை விருப்ப வரிசை சரிசெய்யாது. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று இருக்கும் வரை எந்த முறையும் சரிசெய்யாது.

அதற்கு வாக்குப் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சாரம் வேண்டும். சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய நான்கையும் ஒரே தொகுதியாக்கி நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு வாக்கு அதிகம் பெற்றவர் உள்ளே வருவார். அயர்லாந்து நூறாண்டுகளாக இப்படித்தான் நடத்துகிறது. காரைக்குடிக்குள் 21 சதவீதம் பெற்ற பாண்டிக்கு இதில் இடம் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. அதே அளவு மற்ற மூன்று பகுதியிலும் கிடைத்தால்தான் உண்டு. ஓரிடத்தில் குவிந்த ஆதரவு பெரிய தொகுதியில் கரைந்துபோகும். தேவகோட்டைக்காரருக்குத் தன் எம்எல்ஏ யார் என்று சுட்டிக்காட்ட ஒரே ஆள் இருக்க மாட்டார் என்பது இன்னொரு இழப்பு. கண்மாய் மராமத்துக்கும் பஸ் வசதிக்கும் எம்எல்ஏ வீட்டு வாசலில் நிற்கும் பழக்கமுள்ள மாவட்டத்தில் அது சின்ன இழப்பு இல்லை.

தொகுதியும் இருக்க வேண்டும், விகிதமும் வேண்டும் என்றால் கலப்பு முறை. சட்ட ஆணையம் 1999இல் தன் 170வது அறிக்கையில், மக்களவையில் கால் பங்கு இடங்களைக் கூடுதலாக உருவாக்கிக் கட்சிப் பட்டியல் வழியாக நிரப்பும் யோசனையை முன்வைத்தது. நடைமுறையில் கவனிக்க வேண்டிய ஆபத்து அவை வீங்குவது. இலங்கை 2018இல் உள்ளாட்சிகளுக்குக் கலப்பு முறையைக் கொண்டுவந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 4,500இலிருந்து 8,000க்கு மேல் போனது. சம்பளத்திலிருந்து நாற்காலி வரை எல்லாம் இரட்டிப்பு. பட்டியலில் யார் பெயர் எத்தனாவது இடம் என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கும் என்பதும் நம் கட்சிகளின் உள் அமைப்பைப் பார்க்கும்போது கவலைக்குரியது.

அம்பேத்கரின் ஆட்சேபமும் சீட்டின் வடிவமும்

1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையது கரீமுதீன் விகிதாச்சார முறைக்குத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் இரண்டு காரணம் சொல்லி மறுத்தார். ஒன்று, எண்களையாவது வாசித்து எழுதத் தெரிந்த வாக்காளர் வேண்டும், நம் நாட்டில் அது இல்லை. இரண்டு, சபை சிறு சிறு குழுக்களாகச் சிதறி அரசு நிலைக்காது. இரண்டாவது இன்றும் எடையுள்ள வாதம், அது விகிதாச்சாரத்துக்கு எதிரானது. முதலாவது விருப்ப வரிசைக்கும் பொருந்தும். 1951 கணக்கெடுப்பில் இந்திய எழுத்தறிவு 18 சதவீதம். 2011இல் தமிழ்நாடு 80 சதவீதம். ஆனாலும் மீதி இருபதில் வயதான பெண்கள் அதிகம். அவர்களை ஒதுக்கும் சீட்டை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது.

எண் எழுதத் தேவையில்லாத சீட்டு இருக்கிறது. சின்னங்கள் மேலிருந்து கீழாக. ஒவ்வொரு சின்னத்துக்கும் வலப்பக்கம் மூன்று கட்டங்கள், மூன்று நிறத்தில். முதல் நிறத்தில் ஒரு முத்திரை, இரண்டாம் நிறத்தில் ஒன்று, மூன்றாம் நிறத்தில் ஒன்று. நிறங்கள் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கும் பிரிந்து தெரிய வேண்டும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் வரக் கூடாது. கட்டங்களின் தலையில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி அச்சிட்டால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்காது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்காவிட்டால் எண்ணும் மேசையில் தகராறு வரும். வாக்குச்சீட்டை முதலில் நெடுக்காக மடித்து, பிறகு குறுக்காக மடிப்பது வழக்கம். மூன்று கட்டம் உள்ள சீட்டை நெடுக்காக மடித்தால் முதல் கட்டத்து ஈர மை மூன்றாம் கட்டத்தில் போய் ஒட்டும். நம் தேர்தல்களில் பயன்படும் அம்புக்குறிச் சிலுவை முத்திரை இதற்காகவே உருவானது. ஒட்டிய தடம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பித் தெரியும், அசல் எது என்று பிரித்துவிடலாம். ஆனால் எண்ணும் பணியாளருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வேட்பாளருக்கு முதலும் மூன்றும் விழுந்த சீட்டு என்று தள்ளிவிடுவார்கள். மடிக்கும் கோட்டைச் சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டு, கட்டங்கள் எல்லாம் மடிப்புக்கு ஒரே பக்கம் வரும்படி செய்வது இதைவிட நல்லது.

செல்லாத வாக்கு விதியும் இளகியதாக இருக்க வேண்டும். மாநிலங்களவைத் தேர்தலில் 1 என்ற எண் இல்லாவிட்டாலோ இரண்டு பேருக்கு 1 போட்டாலோ சீட்டு செல்லாது. எம்எல்ஏக்களுக்கு அது சரி. பொது வாக்காளருக்கு வேறு விதி வேண்டும். முத்திரை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது எந்தக் கட்டத்தில் விழுந்திருந்தாலும் முதல் விருப்பமாக ஏற்க வேண்டும். முதலும் மூன்றும் இருந்து இரண்டாவது இல்லையென்றால் மூன்றாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறக் கட்டங்களில் இரண்டு முத்திரை இருந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, அதற்கு முந்தைய விருப்பங்களை மட்டும் எண்ண வேண்டும்.

இயந்திரமும் எண்ணும் கூடமும்

இன்றைய மின்னணு இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் அது பூட்டிக்கொள்ளும். அலுவலர் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மறுபடி திறந்தால்தான் அடுத்த வாக்கு. மூன்று முறை அழுத்துவதற்கு அதன் உள்நிரலையே மாற்ற வேண்டும். மாற்றினாலும் நேரம் தடுக்கும். யாருக்கு வாக்கு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரியும். இன்னும் இரண்டு சீட்டு என்றால் 14 வினாடி, யோசிப்பதற்குச் சில வினாடி, ஆளுக்கு 20 வினாடி கூடுதல். 700 பேர் வாக்களிக்கும் சாவடியில் 14,000 வினாடி. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்.

எண்ணிக்கையில் இதைவிடப் பெரிய மாற்றம் வரும். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் எண்ணும்போது 14 மேசை, சுற்று சுற்றாக முடிவு, ஒவ்வொரு சாவடியின் கூட்டுத்தொகையையும் ஏஜென்டுகள் தங்கள் படிவத்தோடு ஒப்பிடுவார்கள். சாவடி வாரியாகக் கூட்டினால் முடிவு வந்துவிடும் என்பதே இன்றைய முறையின் பெரிய பலம், முறைகேட்டைக் கண்டுபிடிக்கவும் அதுதான் உதவுகிறது. விருப்ப வரிசையில் சாவடித் தொகை முதல் விருப்பத்துக்கு மட்டும் செல்லும். யாரை நீக்குவது என்பது தொகுதி முழுவதையும் கூட்டிய பிறகே தெரியும் என்பதால் எல்லாச் சீட்டும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். 2,12,000 சீட்டை 14 மேசையில் பிரித்தால் மேசைக்கு 15,000. சீட்டுக்கு நான்கு வினாடி என்றால் முதல் பிரிப்பே 17 மணி நேரம். நீக்கிய பிறகு வரும் சுற்றுகள் சின்னவை. 32,223 சீட்டை மறுபடி பிரிக்க இரண்டரை மணி நேரம் போதும்.

எத்தனை பேரை வேண்டுமானாலும் 'சம்மதம்' என்று குறிக்கலாம், அதிகச் சம்மதம் பெற்றவர் வெற்றி என்ற முறையில் இந்தச் சிக்கல் இல்லை. சாவடித் தொகையைக் கூட்டினால் போதும். ஆனால் இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கும் சம்மதம் முதல் ஆளையே தோற்கடிக்கக்கூடும் என்பதால், கட்சிகள் ஒன்றோடு நிறுத்தச் சொல்வதற்கு அங்கே நியாயமான காரணம் இருக்கிறது. அது நம் அரசியலில் ஓடாது.

ஊராட்சியில் தொடங்கினால்

இந்த இடைஞ்சல்கள் எதுவும் பெரிதாக இல்லாத ஒரு தேர்தல் நம்மிடம் இருக்கிறது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களிலும் வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எல்லாம் காகிதம், எல்லாம் முத்திரை. தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. வாக்குகள் ஆயிரக்கணக்கில்தான்.

தேவையும் அங்கேதான் அதிகம். ஒரு தெருவிலிருந்தோ ஒரு சமூகத்திலிருந்தோ இரண்டு பேர் நின்றால் "வாக்குப் பிரிஞ்சிரும்" என்று ஊர்க்கூட்டம் போட்டு ஒருவரை வாபஸ் வாங்க வைப்பது வழக்கம். வாங்க மறுத்தவர் அடுத்த திருவிழாவில் ஒதுக்கப்படுவார். பெரும்பாலும் விலகச் சொல்லப்படுபவர் இளையவர், அல்லது பெண், அல்லது பணம் குறைந்தவர். விருப்ப வரிசையில் இருவரும் நிற்கலாம், வாக்கு ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்ச் சேரும். இந்த முறைக்காக நாங்கள் வாதாடுவதற்கு முதல் காரணமே இதுதான்.

ஒரு மேசைக் கணக்கைப் பாருங்கள். செல்லுபடியான சீட்டு 900 என்று வைப்போம். பூட்டு சாவி 342, ஆட்டோ 261, ஏணி 198, கண்ணாடி 99. பாதிக்கு மேல் என்றால் 451, யாரும் தொடவில்லை. கண்ணாடி நீங்குகிறது. அந்த 99இல் ஏணிக்கு 52, ஆட்டோவுக்கு 20, பூட்டுக்கு 12, வெறுமை 15. இப்போது பூட்டு 354, ஆட்டோ 281, ஏணி 250, வெறுமை 15. ஏணி நீங்குகிறது. 250இல் ஆட்டோவுக்கு 149, பூட்டுக்கு 48, வெறுமை 53. இறுதியில் ஆட்டோ 430, பூட்டு 402, வெறுமை 68.

வென்றவர் 430. இது 900இல் பாதி இல்லை, 451ஐத் தொடவில்லை. கையில் உயிரோடு இருக்கும் 832 சீட்டில் பாதிக்கு மேல். சட்டத்தில் 'செல்லுபடியான வாக்குகளில் பாதி' என்று எழுதிவிட்டால் இந்தத் தேர்தல் முடிவில்லாமல் நின்றுவிடும். 'தொடரும் வாக்குகளில் பாதி' என்று எழுத வேண்டும்.

மேசையில் அதிகம் நடக்கும் பிழை ஏணியின் 250ஐப் பிரிக்கும்போது வரும். அதில் 52 சீட்டு கண்ணாடியிலிருந்து வந்தவை. அவற்றில் பார்க்க வேண்டியது மூன்றாம் விருப்பம். ஏணிக்கு நேரடியாக முதல் விருப்பம் விழுந்த 198இல் சிலவற்றில் இரண்டாம் விருப்பம் கண்ணாடியாக இருக்கும். அது ஏற்கெனவே நீங்கிவிட்டது, ஆகவே அங்கேயும் மூன்றாவதைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இவற்றை வெறுமை என்று ஒதுக்குவார்கள். தவிர்க்க வழி எளிது. மாற்றி வந்த சீட்டுகளைத் தனி ரப்பர் பேண்டில் கட்டி, எந்தச் சுற்றில் வந்தது என்ற துண்டுச் சீட்டைச் செருகி வைப்பது. பழைய கட்டோடு கலக்கவே கூடாது. 25 சீட்டுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோர் தொகையும் வெறுமையும் சேர்த்து 900 வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போகக் கூடாது. ஏஜென்டுகள் கையெழுத்தும் சுற்றுவாரியாக வாங்க வேண்டும், கடைசியில் மொத்தமாக வாங்கினால் எந்தச் சுற்றில் தவறு என்று தேட முடியாது.

ஒரே நாளில் மூன்று சீட்டு பழைய முறையிலும் ஒன்று புதிய முறையிலும் இருந்தால் குழப்பம் வரும். ஸ்காட்லாந்தில் 2007இல் ஒரே நாளில் வெவ்வேறு முறையில் தேர்தல் வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் சீட்டு வீணானது. அதனால்தான் ஒற்றை முத்திரையையும் ஏற்கும் விதி அவசியம் என்றோம்.

இதற்கும் முன்னால் பழகிப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஊர்ச் சங்கங்கள், கூட்டுறவு அமைப்புகள், கோயில் திருப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. நகரத்தார் அமைப்புகளில் ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே வரி திருமணமான தம்பதிக்கு ஒரு புள்ளி என்று வசூலாகிறது. வாக்கு புள்ளிக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா? புள்ளிக்கு என்றால் கணவன் மனைவியில் யார் வரிசை எழுதுவது? பட்டியல் தயாராகும் முன்பே விதியில் எழுதாவிட்டால் எண்ணிக்கை நாளன்று சண்டை இதில்தான் வரும்.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முறையை மாற்ற நாடாளுமன்றம் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஊராட்சிக்கு அது தேவையில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஐயும் அதன் கீழுள்ள தேர்தல் விதிகளையும் மாநிலச் சட்டமன்றமும் அரசுமே திருத்தலாம். திருத்தத்தில் சமநிலைக்கும் ஒரு வரி வேண்டும். கடைசி இடத்தில் இருவர் சமமாக இருந்தால் முந்தைய சுற்றில் குறைவாக இருந்தவரை நீக்குவது, அதிலும் சமம் என்றால் ஏஜென்டுகள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கிப் போடுவது. 900 வாக்குள்ள ஊரில் இந்த வரி அடிக்கடி தேவைப்படும்.